வங்கிக்குள் வந்த பெண்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு



தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகும் சாலையில் ஊருக்கு ஊர் வங்கிக் கிளைகள் இருக்கின்றன. காலையில் கிளை திறந்ததும் உள்ளே வேலையைத் தொடங்குகிறவர் மேலாளர் அல்ல, கூட்டிப் பெருக்க வருகிற பெண். அவருக்குப் பிறகுதான் எழுத்தரும் காசாளரும் அதிகாரியும் வருகிறார்கள். வாசலில் குழுக்கடன் தவணை கட்ட வந்த பெண்களும், நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்த பெண்களும் நிற்கிறார்கள். வங்கியில் பெண் சமத்துவம் என்று பேசும்போது இவர்களில் யாரைக் கணக்கில் எடுக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்? இந்த நினைவுப் பேருரையில் நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான்.

வங்கித்துறைப் பெண்களின் வரலாற்றை வழக்கமாகத் தலைமை நாற்காலியிலிருந்து தொடங்குவார்கள். 1993இல் எக்சிம் வங்கிக்குத் தர்ஜனி வகீல் தலைவரானார். 2000இல் இந்தியன் வங்கிக்கு ரஞ்சனா குமார் வந்தார். 2013இல் பாரத ஸ்டேட் வங்கிக்கு அருந்ததி பட்டாச்சார்யா முதல் பெண் தலைவரானார். இவை சாதனைகள், மறுக்கவில்லை. ஆனால் பணியிடத்தில் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்ற குரல் இந்த நாற்காலிகளிலிருந்து பிறக்கவில்லை. அது நம் பெண்களிடமிருந்து பிறந்தது.

1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை வகித்தார், அம்பேத்கர் உரையாற்றினார். மணவிலக்கு உரிமை, கல்வி ஆகியவற்றோடு, ஆலை, பீடித் தொழிற்சாலை, நகராட்சி, ரயில்வே ஆகிய இடங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பும், காயத்துக்கு இழப்பீடும், ஓய்வூதியமும் கேட்டு அங்கே தீர்மானம் போட்டார்கள். ஆலைகளில் ஆண் மேற்பார்வையாளர்களின் கீழ் பெண்களை வைப்பது அத்துமீறலுக்கு இடம் தருகிறது, ஆகவே பெண் மேற்பார்வையாளர்களை நியமியுங்கள் என்றும் கேட்டார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பில் பேசியது 1997இல். நகராட்சியில் தெருக்கூட்டிய பெண்களின் நிலையையும் சேர்த்துப் பேசிய ஒரு மாநாடு 55 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பேசிவிட்டது.

அந்தக் காலத்தில் வங்கி யாருடையதாக இருந்தது? நம் பக்கத்து மதுரையில் 1943இல் கருமுத்து தியாகராசர் பாங்க் ஆப் மதுராவைத் தொடங்கினார். 1907இல் இந்தியன் வங்கியும் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் நகரத்தார் முதலீட்டில் வளர்ந்தவை. 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கிதான் பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. வணிகச் சாதிகள் தம் உழைப்பால் கட்டிய நிறுவனங்கள் இவை. ஆனால் சாதி வழியாக வந்த பணம் பெரும்பாலும் சாதி வழியாகவே ஆளையும் சேர்த்தது. அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாத சேரிப் பெண் அந்தப் படியேற வழியே இல்லை.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின, 1980இல் மேலும் 6. கிளைகள் கிராமத்துக்கு வந்தன. 1972இல் வந்த வேறுபட்ட வட்டித் திட்டத்தில் 4 விழுக்காடு வட்டிக்குக் கடன் கிடைத்தது, அதில் 40 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதைவிட முக்கியம், இடஒதுக்கீட்டின் வழியாக நம் பிள்ளைகள் கவுண்டருக்கு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விடியும் முன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற தாயின் மகள் வங்கி எழுத்தராவது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உள்ளே போன பிறகு அவளுக்கு என்ன நடக்கிறது? தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 1989இல் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. ஒன்றிய அரசின் வங்கிகளில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. பெண்கள் எத்தனை பேர் என்பது ஓர் அட்டவணையில் வரும், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பது இன்னோர் அட்டவணையில் வரும். பட்டியல் சாதிப் பெண் எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று தேடினால் இரண்டுக்கும் நடுவே அவள் காணாமல் போகிறாள். ஒன்றிய அரசின் பணியாளர் பட்டியலில் கடைநிலையில் மட்டும் “துப்புரவுப் பணியாளர் நீங்கலாக” என்று ஒரு வரியும் “துப்புரவுப் பணியாளர்” என்று தனி வரியும் இருக்கும். அந்தத் தனி வரியில் நம் மக்களின் பங்கு ஒதுக்கீட்டு அளவை வெகுவாகத் தாண்டி நிற்கும். எந்த வேலை யாருக்கு என்று சாதி எழுதிவைத்த விதியை அந்த ஒரு வரியிலேயே படித்துவிடலாம்.

மேலே ஏறுகிற படியும் குறுகலானது. எழுத்தரிலிருந்து அதிகாரியாகும் முதல் படியில் இடஒதுக்கீடு உண்டு, அதிகாரிகளுக்குள் அடுத்தடுத்த பதவி உயர்வில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன சென்ட்ரல் பாங்க் வழக்கில், 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆறாம் நிலை வரை ஒதுக்கீடு உண்டு என்றது. ஒரே ஆண்டில், 2016 ஜனவரியில், சீராய்வு மனுவில் அதைத் திரும்பப் பெற்றது.

இதோடு பெண்ணின் உடலைச் சேர்த்துப் பாருங்கள். வேலைக்கு வரும் பெண்ணிடம் மாதவிடாய், கருத்தரிப்பு விவரங்களைக் கேட்ட எல்.ஐ.சி. படிவத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்தது 1991இல். முப்பது ஆண்டுகள் கழித்து, மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்றவர் “தற்காலிகத் தகுதியற்றவர்” என்று பாரத ஸ்டேட் வங்கி விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததும் 2022 ஜனவரியில் கைவிட்டது. அதே ஆண்டு ஜூனில் இந்தியன் வங்கியின் 12 வார விதி வெளியே தெரிந்து, அங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. தாய்க்குப் பேறுகால ஓய்வு தருவது நாட்டின் நலன் என்று 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் வாதாடியதை இந்த விதிகளை எழுதியவர்கள் படித்திருக்க வேண்டும்.

இந்த விதி எல்லாப் பெண்களையும் தாக்கும், ஆனால் ஒரே அளவில் தாக்காது. எழுத்தர் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 28, நமக்கு 5 ஆண்டு தளர்வோடு 33. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, இடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கொடுத்து, தாமதமாகத் தேர்வு எழுதுகிறவள் மணமாகிக் கருவுற்றிருக்கும் வயதில்தான் பணியில் சேர்கிறாள். சேருவதை ஆறு மாதம் தள்ளினால் பணிமூப்பு போகும், பணிமூப்பு போனால் ஒதுக்கீடு இல்லாத படிகளில் பின்தங்குவாள். காகிதத்தில் சாதி இல்லாத விதி இப்படித்தான் சாதியாக வேலை செய்கிறது.

வங்கியில் ஆளை அடக்கும் பழைய ஆயுதம் இடமாற்றம். பஞ்சாப் அண்ட் சிந்து வங்கியின் இந்தூர் கிளையில் தலைமை மேலாளராக இருந்த ஒரு பெண், மதுக் குத்தகைதாரர் கணக்குகளில் நடந்த முறைகேட்டையும் மேலதிகாரியின் பாலியல் துன்புறுத்தலையும் புகார் செய்தார். முதல்நிலை அதிகாரிக்கான சிறு கிளைக்கு அவரைத் தூக்கிப் போட்டார்கள். அந்த மாற்றத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புகார்க் குழுவின் வெளி உறுப்பினர் அதே வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர் என்பதையும் சுட்டியது. தலைமை மேலாளருக்கே இந்த நிலை. புதிதாகக் கிராமக் கிளைக்குப் போகிற தலித் பெண்ணுக்கு இன்னொன்றும் சேரும். வாடகை வீடு தேடும்போது “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்பார்கள். பெண்களைக் கணவர் ஊருக்கோ பெற்றோர் ஊருக்கோ பக்கத்தில் அமர்த்தும்படி 2014இல் நிதி அமைச்சகம் சொன்னது நல்லதுதான். சாதியால் வீடு மறுக்கப்படுவது எந்த இடமாற்றக் கொள்கையில் இருக்கிறது?

விசாகா தீர்ப்புக்குக் காரணமான பன்வாரி தேவி ராஜஸ்தானில் குயவர் சாதியில் பிறந்த கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்கச் சாதி ஆண்கள் 1992இல் அவரை வன்புணர்ந்தார்கள். 1995இல் கீழமை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவர் உடல் சாதிக்காகவும் தாக்கப்பட்டது, வேலைக்காகவும் தாக்கப்பட்டது. ஆனால் அவரால் கிடைத்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலின் வரையறையில் சாதி இல்லாமல் போனது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பட்டியல் சாதிப் பெண்ணைப் பாலியல் நோக்கில் தொடுவதையும், அந்த நோக்கில் பேசுவதையும் சைகை காட்டுவதையும் தனிக் குற்றம் ஆக்கியிருக்கிறது. ஒரு சட்டத்தில் புகார் கொடுத்தால் இன்னொன்று அடைபடுவதில்லை.

இன்று நிரந்தரத் துப்புரவுப் பணி சுருங்கி, அந்த இடத்துக்கு ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். ரிசர்வ் வங்கி 2006இல் அனுமதித்த வங்கி முகவர் முறையில், கைரேகைக் கருவியோடு தெருவில் பணம் எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்குச் சம்பளம் இல்லை, கமிஷன்தான். வங்கியின் பெயரைச் சுமக்கும் இவர்கள் வங்கி ஊழியர் பட்டியலில் இல்லை. ஆனால் 2013 சட்டம் ஒப்பந்தத் தொழிலாளியையும் முகவர் வழியாக வந்தவரையும் ஊழியர் என்றே சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தச் செய்தி துடைப்பம் பிடித்த கைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை தெளிவு. ஒவ்வொரு வங்கியும் சாதியையும் பாலினத்தையும் ஒரே அட்டவணையில், பதவி வாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்போம். புகார்க் குழுவில் தலித் பெண் இடம்பெற வேண்டும் என்று தொழிற்சங்கங்களை வற்புறுத்துவோம். நம் மாவட்டத்துக் கிளைகளில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் முகவர்களுக்கும் அவர்களின் உரிமையைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்போம். நாக்பூரில் கூடிய பெண்கள் தங்களில் ஒருத்தி உயரப் போனால் போதும் என்று கேட்கவில்லை. கடைசியில் நிற்கிறவளுக்கு விடுப்பும் பாதுகாப்பும் ஓய்வூதியமும் கேட்டார்கள். அந்தத் தீர்மானம் வங்கிகளில் இன்னும் நிறைவேறவில்லை.

ஜெய்பீம்.