அறுபது முறை அசையாமல் நிற்பது

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பறம்பிக்குளத்தில் தொடங்கி மறையூர், மூணாறு, தேவிகுளம் எனத் தமிழக எல்லையை ஒட்டி இடுக்கிக்குள் நீளும் மலைகளில் துப்பாக்கி வேட்டைக் கருவியாகவே வேரூன்றியது. இரவிகுளத்துப் புல்வெளி 1971 வரை கண்ணன் தேவன் நிறுவனத்தின் வேட்டைக்காடு. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கு வரையாடு தேடிச் சென்ற தோட்டத் துரைமாருக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர்கள் முதுவர்கள். அந்த வேட்டையில் உடற்பலம் என்பது காலின் பலம்: பகல் முழுக்க ஏறி இறங்கி, இறுதியில் ஒரே ஒரு குண்டு. சுட்டவரின் பெயர் குறிப்பேட்டில் இருக்கும். மூட்டை சுமந்து முன்னால் நடந்தவரின் பெயர் பெரும்பாலும் இராது. யாருடைய உழைப்பு தாங்குதிறனாகக் கணக்கில் ஏறுகிறது என்ற கேள்வி, துப்பாக்கி சுடுதல் விளையாட்டாக மாறிய பின்னும் விடவில்லை.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற இவ்விளையாட்டு வேட்டையை அப்படியே தலைகீழாக்கியது. நடை இல்லை; குண்டுகளோ பல. இன்றைய 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஐந்து கிலோவை ஒட்டிய எடையுள்ள துப்பாக்கியை (உச்சவரம்பு 5.5 கிலோ) ஏந்தி, நின்ற இடத்திலேயே 60 முறை சுட வேண்டும். அதற்கு 75 நிமிடம். அதாவது ஒரு குண்டுக்குச் சராசரியாக 75 விநாடி. அதற்கு முன் பயிற்சிக் குண்டுகளுக்கு 15 நிமிடம் தனி. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். துப்பாக்கியை உயர்த்தி, மூச்சைப் பாதி வெளியேற்றி நிறுத்தி, விசையை அழுத்துவதற்குக் கிடைக்கும் நல்ல நேரம் சில விநாடிகளே. அது கடந்தால் பார்வை மங்கத் தொடங்கும், கை நடுங்கும். தேர்ந்த வீரர் அப்போது சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிடுவார். ஆகவே 60 குண்டுகளுக்கு 60க்கும் மேற்பட்ட தூக்கல்கள். உடலை இறுக்கிப் பிடிக்கும் கனத்த கித்தான் சட்டைக்குள் வியர்வை வேறு.

இந்த உழைப்பு வெளியே தெரியாது. பார்வையாளர் காண்பது சிலைபோல் நிற்கும் ஓர் உருவத்தை மட்டுமே. ஆனால் அந்த அசைவின்மை தசையின் முறுக்கால் வருவதன்று. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னே வளைத்து, துப்பாக்கியின் எடையை எலும்புக்கூட்டின் வழியே தரைக்கு இறக்குவதே ரைபிள் வீரரின் முதற்பாடம். தசையால் தாங்குபவர் விரைவில் சோர்வார். எலும்பால் தாங்குபவர் நீண்ட நேரம் நிற்பார். பின்னர் வரும் வாதத்துக்கு இச்செய்தி முக்கியமானது.

சோர்வு எந்த வழியாகவெல்லாம் வரும் என்பதற்கு அண்மைய இந்திய நிகழ்வுகளே போதும். டோக்கியோவில், 2021 ஜூலையில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது. அதைச் சரிசெய்வதில் ஏறக்குறைய 20 நிமிடம் போயிற்று. எஞ்சிய 44 குண்டுகளை விரைந்து சுட்டு 575 புள்ளிகள் எடுத்தும் 12ஆம் இடம்தான். குண்டுக்கும் குண்டுக்கும் இடையிலான இளைப்பாறலும் இப்போட்டியில் ஆட்டத்தின் பகுதியே என்பதை அந்த 20 நிமிடம் காட்டியது. 2024இல் பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, இறுதிச்சுற்று நாளன்று பதற்றத்தில் எதுவும் உண்ணவில்லை, பால் சேர்க்காத தேநீர் மட்டுமே அருந்தியதாகப் பின்னர்ச் சொன்னார். சிறிது சிறிதாக உண்ணுதல், நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுதல், நாடித்துடிப்பைக் கூட்டும் பானங்களைத் தவிர்த்தல் எனப் பயிற்சியாளர்கள் வகுக்கும் ஒழுங்குக்கு இது நேர்மாறு; வெறும் வயிறும் சில நாள் பதக்கம் தரும் போலும்! குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. வடகொரியாவின் கிம் ஜோங் சு 2008 பெய்ஜிங்கில் வென்ற வெள்ளி, வெண்கலம் இரண்டும் பறிக்கப்பட்டன. அவர் உடலில் கண்டறியப்பட்ட புரொப்பிரனலால் வேகத்தைக் கூட்டும் ஊக்கமருந்தன்று. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் தணிப்பது. அமைதியே இங்கு ஊக்கம்.

தாங்குதிறன் என்றால் இன்னதென்று தெளிவாகாத நிலையில், அது யாருக்கு உண்டு என்ற முடிவை மட்டும் விதி வகுத்தோர் முன்கூட்டியே எடுத்திருந்தனர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்மால்போர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி இருபாலருக்கும் பொதுவானது. குப்புறப் படுத்து 40, நின்று 40, மண்டியிட்டு 40 என மொத்தம் 120 குண்டுகள். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் லானி பாஷமும் 1162 என்ற சமப்புள்ளி எடுத்தனர். சமநிலை முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போயிற்று. நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் மர்டாக்கைத் தம் மேடைக்கே ஏற்றி நிறுத்திக்கொண்டார்.

இதற்குப் பின்னும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கென வகுக்கப்பட்ட மூன்று நிலைப் போட்டி 60 குண்டுகளோடு நின்றது, ஆண்களுக்கு 120. ஏர் ரைபிளில் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 40. தனிப்போட்டிகள் பல பெண்களுக்கு ஒலிம்பிக் வாயிலைத் திறந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் குண்டுகளைக் குறைப்பதற்கு மாண்ட்ரியல் முடிவில் எந்த ஆதாரமும் இல்லை. ஸ்கீட் போட்டியின் கதை இன்னும் வெளிப்படையானது. 1992 பார்சிலோனாவில் ஆண்களோடு போட்டியிட்டுச் சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வென்றார். 1996 அட்லாண்டாவில் ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. அவர்களுக்கான தனிப்போட்டி 2000இல்தான் வந்தது.

இந்தியப் பெண்கள் இவ்விளையாட்டில் உயர்ந்தது அந்த 40 குண்டுக் காலத்தில்தான். அஞ்சலி பகவத் 2000 சிட்னியில் இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தார். சுமா ஷிரூர் 2004இல் கோலாலம்பூரில் 400க்கு 400 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். நாற்பது குண்டிலும் ஒரு பிழையும் இல்லாதவரிடம் அடுத்த இருபதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. விதி மாறியது 2018 சனவரியில். பெண்களுக்கும் 60, மூன்று நிலையில் 120. அந்த மார்ச்சிலேயே, கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சிட்னி ஜூனியர் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளில் 631.4 புள்ளிகள் எடுத்து ஜூனியர் உலகச் சாதனை படைத்தார். கூடுதல் 20 குண்டுகள் எவரையும் வீழ்த்திவிடவில்லை.

நீண்ட போட்டி ஆண்களுக்கு மட்டும் எளிதாக இருந்ததா என்றால், டோக்கியோவில் ஐஸ்வரி பிரதாப் சிங் தோமரின் கணக்கைப் பார்க்கலாம். மண்டியிட்டு 397, படுத்து 391, நின்று 379; மொத்தம் 1167, இடம் 21. நின்ற நிலையில் எல்லோருக்கும் புள்ளி குறையும் என்பதால் முழுப்பழியையும் சோர்வின்மேல் போட முடியாது. ஆனால் மிகக் கடினமான நிலை, இரண்டேமுக்கால் மணி நேரப் போட்டியின் கடைசியில் வந்தது என்பதும் உண்மை.

டோக்கியோவுக்குப் பின் இருபாலருக்குமே மூன்று நிலைப் போட்டி 60 குண்டுகளாகச் சுருக்கப்பட்டது. பாரிஸில் குசாலே தகுதிச்சுற்றில் எடுத்த 590, 600க்கு எடுத்தது. பெண்கள் முப்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற 120 குண்டுகள் சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போயின. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே 120 குண்டுகள் வைக்கப்பட்ட ஒரே ஒலிம்பிக் டோக்கியோ. அங்கு ஆண்கள் தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்ற செர்கேய் கமென்ஸ்கியின் புள்ளி 1183. பெண்களில் முதலிடம் பெற்ற யூலியா சிகோவாவின் புள்ளி 1182.