கதிரேசன் கோயில் வாசலில் தண்ணீர்

கொழும்பில் வெள்ளம் என்றால் எல்லோர் கண்ணும் களனி கங்கைப் பக்கமே போகும். 1947இலும் 2016 மே மாதத்திலும் பெரிதாக அடிபட்டவை ஆற்றை அண்டிய தாழ்நிலங்கள்தான். பம்பலப்பிட்டிக்கு ஆற்றால் வரும் பயம் குறைவு. மேலிருந்து கொட்டுகிற மழை கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்பதுதான் இங்கே தொல்லை. 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு தொடங்கிய மழை, விடிவதற்குள் 400 மில்லிமீற்றரைத் தாண்டியது. தியவன்னா ஓயா நடுவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அது 1982இல் திறந்த கட்டடம். அதற்கே அந்தக் கதி.

கிருலப்பனைச் சதுப்பு நிலத் தண்ணீரை வடிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய், சென் பீற்றர்ஸ் கல்லூரியை ஒட்டிப் போய் வெள்ளவத்தை எல்லையில் கடலில் விழுகிறது. கொழும்பின் முதல் மாநகர முதல்வர் சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட்டின் பெயரோடு சேர்த்து அந்தக் காலத்தார் அதைக் கேலி செய்தார்களாம். கேலி நியாயமோ இல்லையோ, கால்வாயின் வாய் இன்றும் படுத்துகிறது. அலை மணலைக் குவித்து அடைக்கும். இயந்திரம் வந்து வெட்டிவிட வேண்டும். வெட்டாத நாளில் பெருமழை பெய்தால் தண்ணீர் பின்வாங்கி ஊருக்குள் ஏறும். 2010க்குப் பிறகு, 2012இல், உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனில் கொழும்பின் வடிகால்களைத் திருத்தும் திட்டம் தொடங்கியது. கால்வாயை அரசு பார்த்துக்கொள்ளும். கட்டடத்துக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

காலி வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுப்பிய கதிரேசன் கோயில்களை எடுத்துக்கொள்வோம். 1870களில் கொள்ளை நோய்க்குப் பயந்து கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கொழும்புக்குள்ளேயே ஆடிவேல் விழா பிறந்தது. செட்டியார் தெருவில் புறப்படும் ரதம் பம்பலப்பிட்டியில் வந்து தங்கும். இப்படிப்பட்ட கோயிலில் கருங்கல் விக்கிரகம் தண்ணீரைத் தாங்கும். மர வாகனங்களும் கணக்கேடுகளும் பழைய புகைப்படங்களும் தாங்காது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அது ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசி ஓடு பதித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சாந்து உதிரும். திருப்பணி என்ற பெயரில் இதைத்தான் பல இடங்களில் செய்துவிடுகிறோம்.

எங்கே வைத்தோம் என்பதே பாதி விதியைத் தீர்மானிக்கிறது. 1966 நவம்பர் 4இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரை ஆர்னோ ஆறு மூழ்கடித்தபோது, தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த நூல்கள்தான் சேற்றில் போயின. நம்முடைய காலியிலும் அதே பாடு. 2004 டிசம்பர் 26 அன்று ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதில் உள்ளிருந்த ஊரைப் பெருமளவு காத்தது. மதிலுக்கு வெளியே கடலோரம் இருந்த கடல்சார் தொல்லியல் பிரிவின் கூடத்தை அலை அடித்துக்கொண்டு போனது. 1659இல் காலித் துறையில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் கப்பலில் இருந்து எடுத்த பொருட்களில் பல அன்று இரண்டாம் முறையாகக் கடலுக்குப் போயின.

சட்டம் இந்த விஷயத்தில் அதிகம் கைகொடுக்காது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன 1815 மார்ச் 2ஐக் கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது தொல்பொருள். பிந்தியதைத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஆடிவேல் காலத்துக் கோயில்களும், 1922இல் தொடங்கி இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவமனையாக இருந்த சென் பீற்றர்ஸும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஆகவே கோயில் பொருட்களைக் காக்கும் வேலை தர்மகர்த்தாக்கள் தலையில்தான். அதற்கு நிபுணரைக் கூப்பிடும் முன் ஒரு நாள் போதும். ஆடிவேலுக்காக வாகனங்கள் வெளியே வரும் நாளில் அறை காலியாக இருக்கும்: வீதி மட்டத்தைவிடத் தரை எத்தனை அங்குலம் உயரம், கழிவுக் குழாய் எங்கே பின்வாங்கும், எந்த அலமாரியை முதலில் மாடிக்குத் தூக்குவது, சாவி யாரிடம் என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம். ஆடி கழிந்து ஒக்டோபர், நவம்பர் மழை வருவதற்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்.