பட்டறையும் சான்றிதழும்: மலேசியாவில் வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சியின் வரலாறு

முன்னுரை

மலாயாத் தோட்டங்களில் தமிழர் சீவியெடுத்த ரப்பர்ப் பால் உலக நாடுகளின் மோட்டார் வாகனங்களுக்கு டயராகியது. ஆயின், அவ்வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைத் தமிழர் எங்கே, யாரிடம் கற்றனர் என்பது நம் சமுதாய வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படாத ஒன்றாகும். இந்நாட்டில் இத்தொழிலுக்குரிய பயிற்சி இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று அரசாங்கத் தொழிற்கூடம். மற்றொன்று தெருவோரப் பட்டறை. இவ்விரண்டும் நெடுங்காலம் பிரிந்து நின்றதன் காரணத்தையும், பின்னர் இணைந்த முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொடக்க காலம்

1896ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வாகனமாகிய பென்ஸ் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ரப்பரும் ஈயமும் ஈட்டித் தந்த செல்வத்தால் சாலைகள் பெருகின, வாகனங்களும் பெருகின. 1926இல் ஃபோர்ட் நிறுவனத்தின் மலாயாக் கிளை சிங்கப்பூரில் தோன்றியது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பள்ளி தொடங்கப்பெற்றது. இயந்திரப் பணியாளர்களையும் பொருத்துநர்களையும் உருவாக்குவதே அதன் நோக்கம். 1930களில் ஈப்போ, ஜொகூர் பாரு, பினாங்கு ஆகிய நகரங்களிலும் இத்தகைய பள்ளிகள் அமைந்தன. ஆயினும் இவை நகரப் பள்ளிகள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த சிறுவனுக்கு அவை எட்டாத் தொலைவிலேயே இருந்தன.

பட்டறையே பள்ளி

நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்நிலை விரைவில் மாறவில்லை. 1964 வரை நடைபெற்ற இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தோல்வியுற்ற மாணவர் பலரின் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிவுற்றது. தேர்வு நீக்கப்பட்ட பின்னரும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, வேற்றுமொழி வழியே பயில வேண்டியிருந்தது. இடையில் நின்றவர்களுக்குத் திறந்திருந்த கதவுகளுள் ஒன்று பட்டறை.

அங்குப் பாடநூல் இல்லை. எனினும் பாடத்திட்டம் இருந்தது எனலாம். புதிதாய்ச் சேர்ந்த பையன் முதலில் கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவுவான். கேட்ட அளவுள்ள ஸ்பேனரைத் தவறாமல் எடுத்துக் கொடுக்கப் பழகுவான். அடுத்து டயர் மாற்றுதல், மலேசியர் 'மின்யாக் ஈத்தாம்' என வழங்கும் கருப்பு எண்ணெயை மாற்றுதல், பிரேக், கிளட்ச் எனப் படிப்படியாக முன்னேறுவான். எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் சேர்க்கும் பணி இறுதியிலேயே கிட்டும். உணவும் கைச்செலவுக்குச் சில வெள்ளியுமே தொடக்க ஊதியம். எஞ்சினின் ஓசையைக் கேட்டே பழுதை உரைப்பது கைதேர்ந்தவரின் அடையாளமாகக் கருதப்பட்டது. அத்தகையவரை மலேசியர் 'போமென்' என்பர். மேலாளைக் குறிக்கும் 'ஃபோர்மன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே இது. ஒரு பதவிப்பெயர் ஒரு தொழிலின் பெயராகவே மாறியமை, பட்டறை தன் கல்வியாளர்களுக்குத் தானே பட்டம் வழங்கியதைக் காட்டுகிறது.

சான்றிதழின் வருகை

அப்பட்டம் பட்டறைக்கு வெளியே செல்லவில்லை என்பதே இவ்வரலாற்றின் துயரம். 1967இல் ஷா ஆலாமில் சுவீடன் நாட்டு வால்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை தொடங்கியது. 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985இல் சாகா கார் வெளிவந்தது. வாகனத்துறை பெருந்தொழிலாக வளர வளர, முறையான பயிற்சிக்கான சான்று முதன்மை பெற்றது. இருபது ஆண்டுகள் பட்டறையில் உழைத்தவரும் தாளில்லாமையால் திறனற்றவராக எண்ணப்படும் நிலை உருவாயிற்று. கார்புரேட்டர் மறைந்து மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பரவியபோது சிக்கல் மேலும் வளர்ந்தது. பழுதைச் செவியால் மட்டும் அறிய இயலவில்லை. கணினிக் கருவி காட்டும் குறியீட்டைப் படித்துணரும் கல்வியும் வேண்டப்பட்டது.

1989இல் அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் இத்தகைய திறன்களுக்குப் படிநிலைச் சான்றிதழ்களை வகுத்தது. ஐந்து நிலைகளைக் கொண்ட இம்முறையில் முதல் மூன்று நிலைகளுக்குச் சான்றிதழும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு டிப்ளோமாக்களும் வழங்கப்படுகின்றன. முன்னனுபவத்தை ஏற்கும் திட்டத்தின்வழி, வகுப்பறைக்குச் செல்லாதவரும் தம் பணிச்சான்றுகளைத் தொகுத்து அளித்து மதிப்பீட்டிற்கு உட்படலாம். 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை, ஜெர்மானிய முறையைத் தழுவி, பயிற்சியின் பெரும்பகுதியைப் பணியிடத்திலும் எஞ்சியதைப் பயிற்சி நிலையத்திலும் அமைத்தது. 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மன்றம் திறன் மேம்பாட்டுத் துறையாக மாறியது.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. இரட்டைப் பயிற்சி முறை புதுமையாகத் தோன்றினும், பணியிடமே பள்ளி என்னும் அதன் அடிப்படையை நம் பட்டறைகள் முன்னரே கடைப்பிடித்தன. அவற்றிடம் இல்லாதவை இரண்டு: கோட்பாட்டுக் கல்வி, அரசின் ஏற்பு. 2024இன் இறுதியில் புரோட்டோனும் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. உயர் மின்னழுத்த மின்கலத்தைக் கையாளுவதில் தவறிக் கற்றல் இயலாது. ஒரு தவறே உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலின், இன்று பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் இளைஞனுக்கு முறையான பயிற்சி உயிர்ப்பாதுகாப்பும் ஆகும். அவனைக் கல்வியில் தோற்றவனாகக் கருதும் மனப்போக்கை நாம் கைவிட்டு, அவன் கைக்கல்வி சான்றிதழாக மாறும் வழியை அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.