அரைப்புள்ளியின் கதை

மயிலிட்டிக்குச் சென்றிருந்தபோது, சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டியொன்றைச் சற்று நேரம் நின்று பார்த்தேன். பலகையில் இரண்டு இராஜாக்கள் மட்டுமே எஞ்சிய நிலையில் ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஆடிய இருவரில் ஒருவன் கண்கலங்கி வெளியே வந்தான். "இவ்வளவு நேரம் விளையாடியும் வெல்லேல்லை, ஐயா" என்றான். அவனுக்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாது போனவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

சமநிலைக்கு மதிப்பு வந்ததே பிந்திய காலத்தில்தான். 1862இல் இலண்டனில் நடைபெற்ற போட்டியில் சமநிலையான ஆட்டம் கணக்கில் சேரவில்லை. வெற்றி தோல்வி தெரியும்வரை மீண்டும் ஆடவேண்டியிருந்தது. 1867இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரப் போட்டியிலேயே இருவருக்கும் அரைப்புள்ளி என்ற முறை வந்தது. இராஜாவுக்குத் தாக்குதல் இல்லாமலே நகர்த்த வழியற்றுப் போகும் நிலையும் இன்று சமநிலைதான். ஆனால், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, எதிராளியை அப்படி முடக்கியவரே தோற்றவராகக் கருதப்பட்டார்.

அந்த அரைப்புள்ளி என்ன செய்யும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 2019 ஒக்டோபரில் மும்பாயில் 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி நடைபெற்றது. 14 வயதே நிரம்பிய சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா, தன்னிலும் மூத்தவர்களுடன் ஆடினார். பதினோராவதும் இறுதியுமான சுற்றில் ஜேர்மனியின் வலென்டின் புக்கெல்சுடன் சமநிலை கண்டார். மொத்தம் 9 புள்ளிகள்; தங்கப் பதக்கம். இரண்டாமிடம் பெற்ற ஆர்மேனியாவின் சாந்த் சர்க்சியானுக்கு 8.5 புள்ளிகள். இடைவெளி அரைப்புள்ளிதான்.

மயிலிட்டியில் நின்று இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 ஜூனில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட மீன்பிடித் துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதியே மக்களிடம் மீண்டது. 27 ஆண்டுகள்! காணிகளோ அதன் பின்னரும் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் இவ்வூரில் ஒரு சிறுவர் போட்டி நடந்திருக்க வழியில்லை. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தன் ஊரிலே தோற்பதற்குக்கூட வாய்ப்பிருக்கவில்லை.

பிரக்ஞானந்தாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன், "அப்ப எனக்கும் அரைப்புள்ளி போடுவினமோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி, போடுவினம். உன்னோடு விளையாடினவனுக்கும் அரைப்புள்ளி உண்டு."

அடுத்த சுற்றுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.