அரை மில்லிமீட்டர்ச் சுவர்

இங்கிலாந்தின் பழைய பிளம்பர்கள் இரும்புக் குழாயை இன்றும் 'பாரல்' என்பார்கள். துப்பாக்கிக் குழலுக்கும் அதே பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயு விளக்குகள் வந்தபோது, வாயுவைக் கொண்டுபோக நீளமான இரும்புக் குழாயை மலிவாகச் செய்யும் வழி இருக்கவில்லை. போர்கள் ஓய்ந்து மிஞ்சிக் கிடந்த துப்பாக்கிக் குழல்களையே ஒன்றோடொன்று திருகி இணைத்துக்கொண்டார்கள். அந்தக் குழல்கள் போய்விட்டன, பெயர் தங்கிவிட்டது.

நான் குடியிருக்கும் பர்மிங்ஹாமில் இந்தக் கதையின் மிச்சங்களுக்குப் பஞ்சமில்லை. வாயு விளக்கைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வில்லியம் முர்டாக் இங்குள்ள சோஹோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1802இல் அந்தக் கட்டடத்தின் முகப்பை வாயுவால் ஒளிரவைத்தார். இரும்புக் குழாயை மலிவாக்கிய வெட்னஸ்பரி, என் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். முதுகலை படிக்க வந்தவன் ஐ.டி. ஆலோசகனாக இங்கேயே தங்கிவிட்டேன். ஆனால் இந்த ஊரின் குழாய் வரலாற்றைத் தேடிப் போகவைத்தது என் வேலை அல்ல, பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டி.

அம்மா சென்ற முறை வந்தபோது சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாள். மூடி தனியாகக் கழன்றிருந்தது. அதன் கீலில் ஐந்து கணுக்கள். மூன்று பெட்டியோடு ஒட்டியவை, இரண்டு மூடியோடு ஒட்டியவை, ஐந்துக்கும் ஊடாக ஓர் ஊசி. அறுபது வருடத் திறப்பிலும் மூடலிலும் கணுக்கள் தேய்ந்து பிளந்திருந்தன. புதிதாகச் செய்ய 3 மில்லிமீட்டர் பித்தளைக் குழல் வேண்டும். பொம்மை ரயில், பொம்மை விமானம் செய்பவர்களுக்கான கடையில் அது கிடைக்கிறது. சுவரின் தடிமன் 0.45 மில்லிமீட்டர். அதை ஒன்பது ஒன்பது மில்லிமீட்டராக ஐந்து துண்டு வெட்ட வேண்டும், இரண்டு முனையும் செங்குத்தாக. ஒரு கணு சாய்ந்தால் மூடியும் சாயும்.

எதைக்கொண்டு வெட்டுவது? அம்மாவிடம் கேட்டேன். "உங்க தாத்தா இருந்தா அஞ்சு நிமிஷ வேலைடா" என்றாள்.

தாத்தா கோயம்புத்தூர் ராஜ வீதிப் பக்கம் பத்தராக இருந்தவர். அவர் தாயத்து செய்வதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தாயத்து என்பது என்ன? மெல்லிய உலோகக் குழல்தான். தாலியில் கோக்கும் குழலும் அப்படியே. ஆனால் அவர் குழலை வெட்டி நான் பார்த்ததில்லை. வெள்ளித் தகட்டை அளந்து கத்தரியால் நறுக்குவார். நறுக்கிய துண்டைக் கம்பியின் மேல் வைத்துச் சுருட்டுவார். விளிம்புகள் சேரும் இடத்தில் வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவார். குழல் பிறக்கும்போதே அதன் நீளத்தோடு பிறந்தது. தகட்டை வெட்டுவது எளிது, குழலை வெட்டுவதுதான் கடினம். ஆகவே எல்லா வெட்டும் தகடாக இருக்கும்போதே முடிந்துவிடும்.

வீட்டில் ஒரு மெல்லிய குழலை வெட்டத் திணறுவது புதிய சங்கடம். குழாய் என்பது ஜவுளி போல நீள அளவில் விற்கும் சரக்கானபோதுதான் அது வீட்டுக்குள் வந்தது. அப்படி ஆனதற்கு ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது. அதில் பெரும்பகுதி இந்த ஊரைச் சுற்றியே நடந்தது.

1825இல் வெட்னஸ்பரியில் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ் ஒரு காப்புரிமை பெற்றார். இரும்புப் பட்டையை வெள்ளை வெப்பத்துக்குக் காய்ச்சி, மணி போன்ற வாயுள்ள அச்சின் வழியே இழுத்தால், விளிம்பும் விளிம்பும் முட்டி ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் தேவையில்லை. வாயுக் குழாய் மலிவானது இதனால்தான். அடுத்து 1838இல் பர்மிங்ஹாமின் சார்ல்ஸ் கிரீன். செம்பையோ பித்தளையையோ நடுவில் துளையோடு வார்த்து, உள்ளே ஓர் இரும்புத் தண்டைச் செருகி, அச்சுகளின் வழியே இழுத்து இழுத்து நீட்டினார். இதில் இணைப்புக் கோடே கிடையாது. ஒவ்வோர் இழுப்பிலும் குழல் நீளும், சுவர் மெலியும். ரயில் எஞ்சின் கொதிகலன்கள் பித்தளைக் குழல்களை விழுங்கின. பர்மிங்ஹாம் செய்து குவித்த பித்தளைக் கட்டில்களும் விழுங்கின.

மூன்றாவது கட்டம் ஜெர்மனியில். ரெம்ஷைட் நகரில் அரம் செய்யும் குடும்பத்தில் பிறந்த மான்னஸ்மன் சகோதரர்கள், 1885இல் திடமான எஃகு உருளையிலிருந்தே குழாய் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சாய்வாக வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே காய்ந்த எஃகைச் சுழலவிட்டால் அதன் மையம் தானாகவே பிளந்து திறக்கும். அந்த நேரத்தில் ஒரு முனையை உள்ளே நுழைத்தால் குழாய். இன்றும் தையலற்ற எஃகுக் குழாயில் பெரும்பகுதியின் அடிப்படை அதுதான். (அந்தக் கம்பெனி பிற்காலத்தில் செல்பேசித் தொழிலுக்குள் புகுந்து, 2000இல் வோடஃபோனின் வயிற்றுக்குள் போனது. என் துறையில் பலருக்கு மான்னஸ்மன் என்றால் அந்த விழுங்கல்தான் நினைவுக்கு வரும். அரம் செய்தவர்கள் என்றால் நம்பமாட்டார்கள்.)

நீளக் குழாய் வந்ததும் அதை வெட்ட வேண்டியிருந்தது. வாயுக்காரர்களுக்கு வேண்டியது மரை போட வசதியான செங்குத்து முனை. அதற்கு வந்தது சக்கர வெட்டி. கூரான சிறு சக்கரம் ஒருபுறம், உருளைகள் மறுபுறம். குழாயைச் சுற்றி வரவர, திருகை இறுக்க இறுக்க, சக்கரம் இறங்கும். இங்குள்ள வீடுகளின் 15 மில்லிமீட்டர் செம்புத் தண்ணீர்க் குழாய்க்கு இதைவிட நல்ல கருவி இல்லை. சத்தமில்லை, தூளில்லை, முனை நேர். அதன் சுவர் 0.7 மில்லிமீட்டர். என் குழலோடு ஒப்பிட்டால் அதிகத் தடிமன் இல்லைதான். ஆனால் செம்பு மென்மையானது, குழாயும் அகலமானது.

சக்கரம் உண்மையில் வெட்டுவதில்லை, ஆப்பு போல நெருக்கிப் பிளக்கிறது. நெருக்கிய உலோகம் எங்கே போகும்? உள்ளே மடியும். தண்ணீர்க் குழாயில் அந்த உதட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். 3 மில்லிமீட்டர்க் குழலின் உள்துளை 2.1 மில்லிமீட்டர்தான். உதடு உள்ளே மடிந்தால் ஊசி நுழையாது. திருகைக் கொஞ்சம் வேகமாக இறுக்கினால் குழலே நசுங்கும். மெல்லிய குழலுக்கென்று விற்கும் குட்டிச் சக்கர வெட்டிகளும் இந்தக் குணத்திலிருந்து தப்புவதில்லை. ஆண்டெனாவுக்கோ திரைச்சீலைக் கம்பிக்கோ போதும். கீலுக்குப் போதாது.

அடுத்தது ஹேக்ஸா. எல்லோர் வீட்டிலும் இருப்பது. இங்கே ஒரு பழைய பட்டறைக் கணக்கு உண்டு: அறுபடும் தடிமனுக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் மிக நுண்ணிய ஹேக்ஸா பிளேடில் அங்குலத்துக்கு 32 பல். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 மில்லிமீட்டர். சுவரோ அதில் பாதி. தொடக்கத்தில் தெரியாது. குழலின் முதுகில் பிளேடு படும்போது அகலமான இடத்தில் ஓடுவதால் வழுக்கிக்கொண்டு போகும். சுவரைத் துளைத்து உள்ளே இறங்கியதும் நிலைமை மாறும். இப்போது அறுபடுவது இருபுறமும் நிற்கும் இரண்டு மெல்லிய விளிம்புகள். இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் சுவர் விழும், பல் கொக்கி போல மாட்டும், குழல் கிழியும். இது கை நடுக்கத்தால் வருவதல்ல, வெறும் கணக்கு.

சைக்கிள் சட்டம் செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்ற குழாய், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். பற்றவைக்கும் இடத்தில் வலு, மற்ற இடத்தில் எடைக் குறைவு. அதை வைஸில் நேராகக் கவ்வினால் நசுங்கிவிடும். குழாயின் வட்டத்துக்கேற்பக் குடைந்த இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்துத்தான் கவ்வுவார்கள். வெட்டும் கருவியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பிடிக்கும் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சுழலும் தேய்ப்புத் தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் 1932இல் தொடங்கிய கம்பெனியால் இந்தக் கைக்கருவி வீடுகளுக்குள் புகுந்தது. இதற்குப் பல் கிடையாது. ஆயிரக்கணக்கான பொடிக் கற்கள் சுரண்டுகின்றன, அதனால் மாட்டுவதற்கு வழியில்லை. கடினமான எஃகுக் குழலுக்கு இதுதான் சரி. பித்தளையில் சூடேறும், தட்டு அடைத்துக்கொள்ளும், முனையில் கனத்த பிசிறு நிற்கும். கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது. கையில் பிடித்தபடி செங்குத்தாக வெட்டுவதும் அவ்வளவு எளிதல்ல.

விடை என் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், நகைத்தொழில் பேட்டையில் இருந்தது. அங்கே ஸ்மித் அண்ட் பெப்பர் என்ற பட்டறை 1981இல் மூடியபோது மேசைகளையும் கருவிகளையும் அப்படியே விட்டுப் போனார்கள். இப்போது அது அருங்காட்சியகம். ஒவ்வொரு மேசையின் அடியிலும் தங்கத் தூளை ஏந்தத் தோல் கட்டியிருக்கும். எங்கள் ஊரில் பட்டறைத் தெருவின் மண்ணையே கூட்டி அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இந்தப் பேட்டையில் கீல் குழலுக்குத் தனிப்பெயர் உண்டு: செனியர். கீலைக் குறிக்கும் 'ஷார்னியேர்' என்ற பிரெஞ்சுச் சொல் இங்குள்ள நாக்குகளில் தேய்ந்து அப்படி ஆனது. பொடிப்பெட்டி, லாக்கெட், காப்பு எல்லாவற்றுக்கும் கீல் வேண்டும். ஒரே அளவில் நூற்றுக்கணக்கான கணுக்கள் வேண்டும். தாத்தாவைப் போலத் தகட்டிலேயே நீளத்தை முடித்துக்கொள்ள இவர்களால் முடியாது. நீளமாக இழுத்த குழலை வெட்டியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு பொருட்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒன்று, நூல் போன்ற பிளேடு பூட்டிய சிறு ரம்பம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஆந்த்ரே ஷார்ல் பூல் பித்தளையையும் ஆமை ஓட்டையும் அடுக்கி வைத்துக் கொடியும் இலையுமாக அறுத்தது இதன் உறவுக்காரக் கருவியால்தான். பிளேடுகளைச் சுழியத்தால் எண்ணுவார்கள். சுழியம் கூடக் கூடப் பல் நுணுகும். நான்கு சுழியப் பிளேடில் அங்குலத்துக்கு அறுபதுக்கு மேல் பற்கள். மூன்று பல் கணக்கு அப்போதும் முழுதாக நிறையாது. ஆனால் பல் மிகச் சிறியது, பள்ளத்தில் சுவர் விழ ஆழமில்லை. இரண்டாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுப் பிடி. குழல் படுக்க ஒரு வரிப்பள்ளம், நீளத்தை நிறுத்தும் தடை, கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோல், ரம்பம் ஓட ஓர் இடுக்கு. எத்தனை முறை வெட்டினாலும் அதே நீளம், அதே செங்கோணம். ரம்பத்தை விட இந்தப் பிடிக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிராட் கேம்ப்டன் என்ற கிராமம். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அங்கே குடியிருந்து, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெரிய நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டே இந்தியக் கைவினைஞன் பற்றிய நூலும் வந்தது. பரம்பரைத் தொழிலும் தொழிற்குழுவும் சேர்ந்து கைவினைஞனுக்குக் கொடுத்த கண்ணியத்தை அதில் போற்றுகிறார். எனக்கு அவர் எழுத்தில் மயக்கம் உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் கூடப் போக முடியவில்லை. அமிலப் புகையில் ஐம்பது வயதில் கண் மங்கிய மனிதர் என் தாத்தா. மகனைப் பட்டறையில் உட்காரவிடாமல் பாலிடெக்னிக்குக்கு அனுப்பியவரும் அவரே. அவருடைய கைப்பழக்கம் எனக்கு வரவில்லை என்பதில் வருத்தம் உண்டு, அவர் எடுத்த முடிவில் வருத்தமில்லை. அம்மாவுக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது. தொலைபேசியில் இன்னும் தீரவில்லை.

வெட்டும் முறை இதுதான். பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்க வேண்டும், இழுக்கும்போதுதான் அறுக்கும். குழலுக்குள் துளைக்கு இறுக்கமான மூங்கில் குச்சியைச் செருகிக்கொள்ளலாம். சுவர் சாய இடம் இராது, பல்லும் குச்சியில் ஊன்றி ஓடும். சுவரைத் துளைத்ததும் நேராக இறங்காமல் குழலைச் சற்றே திருப்பி, மீண்டும் முதுகில் அறுக்க வேண்டும். இப்படிச் சுற்றி வந்தால் பிளேடு எப்போதும் அகலமான இடத்திலேயே ஓடும். மெழுகைத் தொட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கடைசியில் நுண்ணிய அரத்தால் முனையை ஒரு தேய்ப்பு, துளையில் பிசிறு நீக்க ஒரு திருகல்.

பேட்டையில் இந்தப் பிடியை வாங்கப் போன கடையில், கல்லாவில் இருந்த பெரியவர் எதை வெட்டப் போகிறேன் என்று கேட்கவில்லை. "சுவர் எவ்வளவு?" என்றார். சொன்னேன். பிளேடுகளை ஒரு டஜன் எண்ணிக் கட்டி, மேலே இரண்டு சேர்த்து வைத்தார். முதல் கணுவுக்குள் இரண்டு முறியும் என்றார். மூன்று முறிந்தன.