செவிலியரைத் தேர்வு அளக்குமா?

செவிலியர்க்குப் பொதுத் தேர்வும் அரசுப் பதிவேடும் தேவையா என்னும் வினா இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டது. அதில் தேர்வை எதிர்த்து நின்றவர் நவீன செவிலியப் பணிக்கு அடித்தளமிட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம்.

தேர்வு வேண்டும் என்றவர் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் தலைமைச் செவிலியராக இருந்த அவர், 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பயிற்சியே இல்லாதவரும் தம்மைச் செவிலியர் என்று சொல்லிக்கொள்ளலாம். தடுக்கச் சட்டமில்லாத காலம் அது. அதனால் துன்புற்றவர் நோயாளியே. மூன்றாண்டுப் பயிற்சி, பொதுத் தேர்வு, தேறியோர்க்குப் பதிவேடு என்பன அவருடைய கோரிக்கைகள்.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி நிறுவிய நைட்டிங்கேல் இதை ஏற்கவில்லை. விடைத்தாள் நினைவாற்றலைக் காட்டும். பொறுமையும் நேர்மையும் அதில் தெரியா. ஒருநாள் பதிவேட்டில் ஏறிய பெயர், அப்பெண் பத்தாண்டு கழித்து எப்படிப் பணிபுரிகிறாள் என்பதைச் சொல்லாது. 1859இல் வெளிவந்த செவிலியம் பற்றிய நூலில், இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்பதே பிழை என்கிறார் அவர். நல்ல இரவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எத்தனை மணிநேரம், எந்தெந்த நேரத்தில் உறங்கினார் என்றே கேட்க வேண்டும். இந்தக் கூர்ந்த கவனிப்பைத்தான் அவர் செவிலியத்தின் உயிராகக் கருதினார்.

நாடு தழுவிய பதிவுச் சட்டத்தை முதலில் இயற்றியது நியூசிலாந்து, 1901இல். மறு ஆண்டு ஜனவரியில் எல்லென் டௌகர்ட்டி முதலாவதாகப் பதிவு பெற்றார். இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1919 டிசம்பரில். நைட்டிங்கேல் 1910லேயே மறைந்திருந்தார். 1921இல் திறந்த பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்குடையது. அரசுத் தேர்வு கட்டாயமானதோ 1925இல். தேர்வுக்காகப் போராடியவர் அதை எழுத நேரவில்லை.

வென்றவர் ஃபென்விக் என்று சொல்லிவிடலாமா? இந்தியச் செவிலியர் பலரும் எழுதும் அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸைப் பார்ப்போம். 1994இல் கணினிக்கு மாறிய அத்தேர்வில், சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும். நெடுங்காலம் அதன் பெரும்பகுதி, கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகவே இருந்தது. ஏப்ரல் 2023இல் அது மாற்றியமைக்கப்பட்டது. இன்று ஒரு நோயாளியின் குறிப்பேடு சிறிது சிறிதாகத் திரையில் விரிகிறது. நாடித்துடிப்பு, சுவாசம், செவிலியர் எழுதிய குறிப்புகள். இவற்றுள் உடனே கவனிக்க வேண்டியது எது? மருத்துவ முடிவெடுத்தலை ஆறு படிகளாகப் பிரிக்கும் அம்முறையில் முதற்படி, அறிகுறியை இனங்காணுதல்.

நைட்டிங்கேல் எழுப்பிய ஐயத்துக்குத் தேர்வு நூறாண்டுகளுக்குப் பின் விடைதேட முயல்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. பயிற்சியற்ற கையிலிருந்து நோயாளியைக் காக்கத் தேர்வு வேண்டும். ஃபென்விக் சொன்னது சரியே. ஆனால் திரை நோயாளியின் அறிகுறிகள் எழுதப்பட்டுவிட்டவை. கட்டிலில் இருப்பவரின் அறிகுறியை யாராவது முதலில் பார்த்தாக வேண்டும்.