வடசென்னையில் மாற்றுத்திறன் மாணவரின் கல்வியுரிமை

மாற்றுத்திறன் மாணவரின் கல்வியுரிமை என்பது, பார்வை, செவிப்புலன், உடலியக்கம், அறிவு வளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ குறைவுடைய குழந்தைகள், பிறருடைய தயவினால் அன்றிச் சட்டத்தின் பலத்தினாலேயே பள்ளியிற் சேரவும், தமக்கு வேண்டிய விசேஷ வசதிகளைக் கேட்டுப் பெறவும் உடைய அதிகாரமாகும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீளும் துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தில் அவ்வுரிமையின் சரித்திரத்தை ஆராய்பவர், சட்டப் பிரிவுகளோடு பிரயாண வசதிகளையும் சேர்த்தே ஆராய வேண்டியவராகிறார்.

இந்தியாவில் இக்கல்வி கிறிஸ்தவ மிஷன்களின் தர்மப் பணியாகவே பெரும்பாலும் தொடங்கிற்று. 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் பார்வையற்றோர்க்குப் பள்ளி நிறுவினார். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையிலே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், பின்னர் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவித்திறனற்றோர்க்கும் கல்வி புகட்டத் தலைப்பட்டனர். இங்கிலாந்தில் 1893-ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய குழந்தைகளின் படிப்பை அரசாங்கத்தின் கடமையாக்கிவிட்டிருக்க, அதே ஆட்சியின் கீழிருந்த சென்னை மாகாணத்திலோ அது நன்கொடையாளரின் மனத்தைப் பொறுத்த காரியமாகவே நெடுநாள் இருந்தது.

சென்னை நகரைப் பொறுத்தமட்டில், பிற்காலத்தில் எழுந்த பெயர்பெற்ற ஸ்தாபனங்களும் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலுமே அமைந்தன. பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி பூந்தமல்லியில். பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்குமான லிட்டில் பிளவர் கான்வென்ட் கதீட்ரல் சாலையில். செவித்திறனற்றோர்க்கான பால வித்யாலயா அடையாறில். மூளை முடக்குவாதமுடையோர்க்காக 1980-களில் தோன்றிய நிலையங்கள் தரமணியிலும் கோட்டூர்புரத்திலும். காசிமேட்டு மீனவரின் குழந்தையோ, விம்கோ தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் குழந்தையோ இவற்றை எட்ட வேண்டுமாயின், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிமாறிச் செல்ல வேண்டும். உடன் செல்லும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. எவரும் வேண்டுமென்று செய்த வஞ்சனை அன்று இது. தர்மஸ்தாபனம் தன்னை ஆதரிப்போர் வாழுமிடத்தில் முளைப்பது சகஜம்; ஆனால் அதன் விளைவு வஞ்சனையின் விளைவிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

அரசியலமைப்பின் 45-ஆம் ஷரத்து, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு பத்தாண்டுக்குள் முயல வேண்டுமென 1950-இல் விதித்தது; அது வழிகாட்டு நெறியேயன்றி வழக்குக்கு ஆதாரமாகும் உரிமை அன்று. இயன்ற மட்டும் இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டுமெனக் கோத்தாரி கமிஷன் (1964–66) யோசனை கூறிற்று. அதையொட்டி 1974-இல் வந்த மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், பிரயாணப்படியும் உடன்வருவோர்க்கான படியும் காலப்போக்கில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே அமெரிக்கா, நீதிமன்றத் தீர்ப்புகளின் உந்துதலால், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் வகுக்கக் கட்டளையிடும் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் திட்டம் இருந்தது. அதை மறுத்தால் கேட்பதற்குச் சட்டம் இல்லை.

அச்சட்டம் 1995-இல் வந்தது. ஊனமுற்றோர் சமவாய்ப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பதினெட்டு வயது வரை தக்க சூழலில் இலவசக் கல்வி அளிப்பதை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கடமையாக்கிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், இக்குழந்தைகளை நலிவுற்ற பிரிவினராகக் கொண்டு, தனியார் பள்ளிகளில் அப்பிரிவினர்க்கென ஒதுக்கிய 25 சதவீத இடங்களுக்கு உரியவராக்கியதுடன், கடுமையான குறைபாடுடையோர் வீட்டிலிருந்தே கற்கவும் இடமளித்தது. வீட்டுக் கல்வி மெய்யாகவே சிலருக்கு அவசியம். ஆயினும் சாய்தளமில்லாத பள்ளிக்கு அது சௌகரியமான சாக்காகிவிடும் அபாயத்தை மறுப்பதற்கில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து 21-ஆக உயர்த்தியது. அதன் 16-ஆம் பிரிவு, பாகுபாடின்றிச் சேர்த்தல், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக்கல் ஆகியவற்றோடு, குழந்தைக்கும், மிகுந்த உதவி தேவைப்படுமாயின் உடன்வருவோர்க்கும் வாகன வசதி செய்து தரலையும் பள்ளிகளின் பொறுப்பாக்கியது. வடசென்னைக்கு இச்சட்டத்தில் மிகவும் வேண்டிய வாசகம் இதுவே என்பது எம் துணிபு.

இவ்வட்டாரத்தின் வடபகுதியிலுள்ள திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன; அதனால் உள்ளாட்சியின் கடமை அங்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகரை எட்டியபின், மின்தூக்கியுள்ள நிலையங்கள் வாயிலாகச் சக்கர நாற்காலியிலேயே நகருக்குள் செல்லும் வசதி முதன்முறையாக வாய்த்தது. எனினும் எண்ணூர் அதற்கும் வடக்கே உள்ளது. கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையோ, நன்றாக நடப்போருக்கும் கஷ்டமான பாதை.

பள்ளியை அடைந்தபின் எழுவது ஆசிரியர் பற்றிய கேள்வி. பொதுப் பள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்றில்லாமல், வட்டார வள மையத்திலிருந்து ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிவரும் முறையே பரவலாக நிலவி வந்தது. இம்முறை போதாதென்று கருதிய உச்ச நீதிமன்றம், ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில், 2021 அக்டோபரில், தொடக்க நிலையில் இத்தகைய மாணவர் பத்துப் பேருக்கும், அதற்கு மேல் பதினைந்து பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் இருக்க வேண்டுமென்று விகிதம் குறித்தது. 2025 மார்ச்சில், அதற்கான நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.